இலவசமாகக் கற்றுத் தருபவர் எதில் சீவிக்கிறார்?

எமது நிலையத்துப் பழைய பிக்கப் வாகனத்தின் முன் பிறேக் கிறீச்சிடத் தொடங்கியபோது, அதைத் திருத்தும் பொறுப்பை ஓர் இளைஞன் ஏற்றுக்கொண்டான். இடம்பெயர்ந்து வந்த விவசாயக் குடும்பமொன்றின் மூத்த மகன் அவன். காணியும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை என்றான பின், இயந்திரம் திருத்தும் தொழிலையாவது கையில் வைத்திருப்போம் என்று பழகி வருபவன். கைத்தொலைபேசியை ஒரு பெட்டியின் மேல் சாய்த்து வைத்தான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தமது வீட்டு முற்றத்தில் நின்று சில்லைக் கழற்றிப் பிறேக் மாற்றிக் காட்டும் பாடம் அதில் ஓடியது. அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தான். ஆங்கிலம் அவனுக்கு அரைகுறைதான். ஆனால் கை செய்வதைக் கண் பார்த்தால் அவனுக்குப் போதும்.

நடுவில் நிமிர்ந்து எம்மைக் கேட்டான்: “சுவாமி, இந்த மனிசன் இவ்வளவத்தையும் சும்மா சொல்லித் தாறார். ஒரு சதம் கேக்கேல்லை. அப்ப இவர் என்னத்திலை சீவிக்கிறார்?”

அன்று எம்மிடம் சரியான பதில் இருக்கவில்லை. “விளம்பரம் போடுவினம், அதிலை வரும்” என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். அது பாதிப் பதில்தான் என்பது பின்னர் தேடி வாசித்தபோது தெரிந்தது. மீதிப் பதிலை இங்கே பாடமாகத் தருகிறோம்.

எம் வாசகர்களில் கார் வைத்திருப்பவர் மிகச் சிலரே. ஆயினும் நீர் இறைக்கும் இயந்திரம், லாண்ட் மாஸ்டர், தையல் மெஷின், தெளிகருவி ஆகியவற்றைத் திருத்தும் பாடங்களும் இதே தொலைபேசியில் இதே முறையில்தான் வருகின்றன. இந்த முறை அமெரிக்காவிலேதான் பெரிதாக வளர்ந்தது. அங்கே கார் திருத்தும் பாடங்களில் இதன் உள்ளும் புறமும் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே அங்கேயே வைத்துப் பார்ப்போம்.

புத்தகம் விற்ற காலம்

அமெரிக்காவில் தெருவில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 வருடங்களுக்கும் மேல். 2024 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 12.6 வருடம். பழைய வண்டிக்கு வேலை அதிகம். கராச்சில் கூலி மணிக்கணக்கில் அறவிடப்படும். பல வேளைகளில் பாகத்தின் விலையை விடக் கூலியே கூடிவிடும். எனவே வார இறுதியில் தன் காரைத் தானே திருத்துவது அங்கே ஏழைகளும் நடுத்தர மக்களும் செய்யும் சாதாரண காரியம். 1975 இல் வந்த உத்தரவாதச் சட்டமொன்றும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. சொந்தக்காரர் தாமே வேலை செய்தார், அல்லது வேறு கொம்பனியின் பாகத்தைப் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக உற்பத்தியாளர் தமது உத்தரவாதத்தை மறுக்க முடியாது.

இணையத்துக்கு முன்பு இவர்கள் கற்றது புத்தகத்திலிருந்து. அமெரிக்கரிடம் சில்ற்றன் என்ற பழைய பெயர் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பெயர் ஹெய்ன்ஸ். இந்த ஜோன் ஹெய்ன்ஸ் 1938 இல் பிறந்தது எங்கள் இலங்கையிலேதான். தகப்பனார் தேயிலைத் தோட்டமொன்றில் அதிகாரியாக இருந்தவர். படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பையன், பாடசாலை மாணவனாக இருக்கும்போதே ஒரு பழைய ஒஸ்ரின் காரைப் பிரித்துப் புதுவிதமாகக் கட்டி, அதைச் செய்த விதத்தைச் சிறு புத்தகமாக அச்சிட்டு விற்றார். பின்னர் விமானப் படையில் ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் காரைப் பிரித்துப் பூட்ட உதவினார். கார்க் கொம்பனியின் கையேடு சாதாரண மனிதனுக்கு விளங்காது என்று அப்போது கண்டார். ஒவ்வொரு படியையும் படம் பிடித்தார். 1966 இல் வெளிவந்த அவருடைய முதலாவது திருத்தக் கையேடு அப்படிப் பிறந்ததுதான். ஒரு காரை முழுவதும் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்த பின்பே அதைப் பற்றி எழுதுவது என்பது அந்த நிறுவனத்தின் வழக்கமாயிற்று. அவர் 2019 இல் காலமானார்.

இங்கே காசின் வழியைக் கவனியுங்கள். வாசிப்பவர் புத்தகத்துக்கு முதலிலேயே பணம் கொடுத்துவிடுகிறார். அதன் பின் அவர் புதிய பாகம் வாங்கினாலும், பழையதைக் கழுவிப் பூட்டினாலும், எழுதியவருக்கு அதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பாடம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே. பிழையாக இருந்தால் அடுத்த புத்தகம் விற்காது.

2020 இன் இறுதியில் அதே ஹெய்ன்ஸ் நிறுவனம், கார்களுக்குப் புதிய அச்சுக் கையேடுகள் வெளியிடுவதை நிறுத்துவதாக அறிவித்தது. இலவசமாகக் கிடைக்கும்போது யார் காசு கொடுத்து வாங்குவார்?

தரகு வந்து சேரும் வழி

இலவசப் பாடம் எழுதுபவருக்கு இரண்டு வழியில் பணம் வரும். ஒன்று விளம்பரம். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் காட்டப்படும். இத்தனை ஆயிரம் தடவை காட்டியதற்கு இவ்வளவு என்று கிடைக்கும். இது பத்திரிகை விளம்பரம் போன்றதே. மற்றது தரகு. அதுதான் எமது பாடம்.

1996 ஆம் ஆண்டு யூலை மாதம், அப்போது புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டிருந்த அமேசன் கடை ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் பக்கத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதி எமது கடைக்கு வழி காட்டுங்கள். அந்த வழியாக வந்தவர் வாங்கினால் விலையில் ஒரு பங்கு உங்களுக்கு. இதுதான் அந்தத் திட்டத்தின் சாரம். பின்னர் அந்தக் கடை உப்பிலிருந்து என்ஜின் ஒயில் வரை எல்லாம் விற்கும் கடையாகியது. திட்டமும் கூடவே வளர்ந்தது. இன்று பல கடைகளும் பாகக் கொம்பனிகளும் இப்படி ஆள் பிடிக்கின்றன.

நடைமுறை இதுதான். பிறேக் மாற்றும் பாடத்தின் நடுவே, “இந்த வேலைக்கு நான் இந்தப் பாட் பாவிக்கிறேன்” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தொட்டால் கடை திறக்கும். தொடப்பட்ட முகவரியின் வாலில் எழுத்தாளரின் அடையாளக் குறி ஒட்டியிருக்கும். நீங்கள் யார் அனுப்பி வந்தவர் என்று கடை ஒரு சிறு குறிப்பை உங்கள் கருவியிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். அமேசன் திட்டத்தில் அந்தக் குறிப்புக்கு ஆயுள் 24 மணித்தியாலம். அதற்குள் நீங்கள் எதை வாங்கினாலும் அனுப்பியவருக்குத் தரகு உண்டு. பிறேக் பாட் பார்க்கப் போனவர் அதை விட்டுவிட்டு நாய்க்குச் சாப்பாடு வாங்கினாலும் எழுத்தாளர் கணக்கில் சில சதம் விழும். கூடைக்குள் போட்டு வைத்துப் பிறகு வாங்கினால், ஏறக்குறைய மூன்று மாதம் வரை அந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. வாங்குபவருக்கு இதனால் விலை கூடாது. கடை தன் இலாபத்திலிருந்தே கொடுக்கிறது.

பங்கு எவ்வளவு? கார்ப் பாகங்களுக்கு அமேசன் கொடுப்பது 4.5 வீதம். அதாவது 100 டொலருக்கு நாலரை டொலர்.

குழுவாக வாசிப்பவர்கள் இங்கே சற்று நிறுத்தி, ஒரு கடதாசியில் எம்மோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. பிறேக் மாற்றும் பாடத்தை ஒரு மாதத்தில் 10,000 பேர் வாசிக்கிறார்கள் என்போம். அவர்களில் 600 பேர் கடை வரியைத் தொடுகிறார்கள். 30 பேர் வாங்குகிறார்கள். ஒருவர் வாங்குவது 40 டொலர். மொத்த விற்பனை 1,200 டொலர். அதில் 4.5 வீதம் 54 டொலர். பத்தாயிரம் பேருக்குக் கற்பித்த கூலி 54 டொலர். அந்த நாட்டில் அது ஒரு சின்னக் குடும்பத்தின் சில நாள் சாப்பாட்டுக் காசு. ஆகவே இதில் சீவிக்க வேண்டுமானால் ஒரு பாடம் போதாது. நூற்றுக்கணக்கான பாடம் வேண்டும். அல்லது விலை கூடிய பொருளைப் பற்றிய பாடம் வேண்டும்.

இந்த “அல்லது” என்ற சொல்லில்தான் விடயமே இருக்கிறது.

சிறு காசு என்று இதை யாரும் எண்ண வேண்டாம். பொருள்களைப் பரிசோதித்துச் சிபார்சு செய்து இந்தத் தரகிலேயே வளர்ந்த ‘வயர்கட்டர்’ என்ற தளம் 2011 இல் தொடங்கியது. அதை 2016 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை சுமார் 3 கோடி டொலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

பேனா சாயும் பக்கம்

பற்றரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கார் கிளம்பாமல் நிற்பது எல்லா நாட்டிலும் நடப்பது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். இதை எழுதினால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் தரகு பூச்சியம். அப்பச்சோடா எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. “முதல் தரமான 10 பற்றரிகள்” என்று எழுதினால் ஒவ்வொரு விற்பனையிலும் சில டொலர்.

என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சரை எடுத்துக்கொள்வோம். அதில் தூசு படிந்தால் என்ஜின் தடுமாறும். சுத்தம் செய்யும் தெளிதிரவம் ஏறக்குறைய 10 டொலர். அதில் எழுத்தாளருக்கு 45 சதம். புதிய சென்சர் 100 டொலர் என்றால் நாலரை டொலர். முதலில் சுத்தம் செய்து பார் என்று சொல்பவர் தம் கூலியில் பத்தில் ஒன்பது பங்கைக் கைவிடுகிறார். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த முறை அவர்களுக்கு அதற்காக எதையும் கொடுப்பதில்லை.

இன்னும் ஓர் உதாரணம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1996 ஆம் ஆண்டு மொடலிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காரிலும், ஸ்ரேறிங்குக்குக் கீழ்ப் பக்கமாக, ஒரே மாதிரியான ஒரு பொருத்து வாய் இருக்க வேண்டும் என்பது சட்டம். என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த வாயில் ஒரு சிறு வாசிப்புக் கருவியைச் செருகினால் போதும். பிழையின் இலக்கம் தெரியும். மக்கள் அந்த இலக்கத்தைத்தான் இணையத்தில் தேடுகிறார்கள். மிகவும் தேடப்படும் இலக்கங்களில் ஒன்று பி 0420. புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிற்றிக் கொன்வேட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள்.

வாசிப்பவர் உடனே நினைப்பது, கொன்வேட்டர் பழுது, மாற்ற வேண்டும் என்பதே. ஆனால் இலக்கம் அப்படிச் சொல்லவில்லை. கொன்வேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சர் கண்டதை மட்டுமே அது சொல்கிறது. சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து சென்சரை ஏமாற்றும். சென்சரே கிழண்டிப் போயிருக்கலாம். என்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் பெற்றோலைப் புகையோடு அனுப்பிக் கொன்வேட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது புதியதைப் பூட்டினால் அதுவும் கெடும். ஆகவே முதலில் ஓட்டை தேடு, பிறகு சென்சர் அனுப்பும் அளவைப் பார், பிறகு என்ஜின் எரிவதைப் பார், கடைசியாகத்தான் கொன்வேட்டர். நல்ல மெக்கானிக் இப்படித்தான் போவார்.

இதில் எந்தப் படிக்குத் தரகு உண்டு? ஓட்டை தேடுவதற்கு இல்லை. சென்சருக்கு இரண்டு மூன்று டொலர். கொன்வேட்டர் 600 டொலர் என்றால் 27 டொலர்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி கொன்வேட்டருக்கு 8 வருடம் அல்லது 80,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உற்பத்தியாளர் உத்தரவாதம் கொடுத்தே ஆகவேண்டும். கார் ஆறு வயதும் 60,000 மைலும் ஆனதென்றால், பழுதான கொன்வேட்டரைச் சொந்தக்காரர் ஒரு சதமும் கொடுக்காமல் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்துக்குப் பல நூறு டொலரை மீதப்படுத்தும். எழுதியவருக்கு அதில் எதுவும் வராது. பாதுகாப்புக் குறைபாடு காரணமாக உற்பத்தியாளர் திருப்பி அழைக்கும் கார்களின் கதையும் இதுவே. காரின் 17 எழுத்திலக்கங்களை அரசாங்கத்தின் தளத்தில் கொடுத்துப் பார்த்தால், திருத்த வேண்டியது ஏதும் உண்டா என்று தெரியும். இருந்தால் அந்தத் திருத்தமும் இலவசம்.

வாசிப்புக் கருவியைக்கூட வாங்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. ஓட்டோசோன் போன்ற பாகக் கடைச் சங்கிலிகள் பெரும்பாலான இடங்களில் இலக்கத்தை இலவசமாக வாசித்துக் கொடுக்கின்றன. விலை கூடிய விசேட ஆயுதங்களையும் முற்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன. திருப்பிக் கொடுத்தால் முற்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கடைக்காரருக்கும் இதில் கணக்கு உண்டு. ஆயுதம் இரவல் வாங்க வருபவர் பாகத்தை அங்கேயே வாங்குவார் அல்லவா? ஆனால் “வீட்டுக் கராச்சுக்கு அவசியமான 25 ஆயுதங்கள்” என்ற பட்டியலில் இந்த இரவலைப் பற்றிய பேச்சு இருந்தால் அது ஆச்சரியம்.

பொய் எழுதுகிறார்கள் என்று நாம் கூறவில்லை. இந்த எழுத்தாளர்களில் பெரும்பாலானோர் தம் கையால் வேலை தெரிந்தவர்கள். சிபார்சு செய்யும் பொருளும் பெரும்பாலும் நல்ல பொருளே. பேனா பொய் சொல்வதில்லை; சாய்கிறது. சாயும்போது எழுதப்பட்டதில் பிழை தெரியாது. எழுதப்படாமல் விடப்பட்டதில்தான் தெரியும்.

எம்மவருக்கு இது புதிதல்ல. மிளகாயில் இலை சுருண்டால் இரண்டு இடத்தில் கேட்கலாம். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம்; மருந்துக் கடை முதலாளியையும் கேட்கலாம். முதலாளி கெட்ட மனிதர் அல்ல. கடனுக்கும் தருபவர், எங்கள் வருத்தம் துன்பம் அறிந்தவர். ஆனால் “இதுக்கு மருந்து தேவையில்லை, ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கோ” என்ற பதில் அவர் வாயிலிருந்து வருவது அரிது. அவருக்கு அந்தப் பதிலில் சோறு இல்லை. போதனாசிரியருக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆகையால் அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது. அவரை நேரில் பிடிப்பதுதான் கஷ்டம், அது வேறு கதை.

வாரக் குடியின் நிலை

எழுத்தாளரின் பக்கத்தையும் பார்ப்பது நியாயம். வாரத்துக்குச் செய்கை பண்ணியவர்களுக்கு இவருடைய நிலை உடனே விளங்கும். பாடத்தை எழுதுபவர் இவர். படம் பிடிப்பவர் இவர். கையில் காயப்பட்டவரும் இவர். ஆனால் காணி இவருடையதல்ல. எத்தனை பங்கு என்பதைக் கடையே தீர்மானிக்கும்.

2020 ஏப்ரல் நடுப்பகுதியில், கொரோனாத் தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில், அமேசன் தன் பங்கு வீதங்களைக் குறைப்பதாக அறிவித்தது. தளபாடங்களுக்கும் வீடு திருத்தும் பொருள்களுக்கும் 8 வீதமாக இருந்தது 3 வீதமாயிற்று. பலசரக்குக்கு 5 வீதம் ஒரு வீதமாயிற்று. அறிவித்தலுக்கும் அமுலுக்கும் இடையில் ஒரே ஒரு கிழமை. வீடு திருத்தும் பாடம் எழுதிச் சீவித்தவர்கள் ஒரு கிழமையில் வருமானத்தின் அரைவாசிக்கு மேல் இழந்தார்கள். கார்ப் பாகத்துக்குரிய வீதம் அன்று தப்பிக்கொண்டது. நெல்லைத் தூற்றிக்கொண்டு நிற்கும்போது காணிக்காரர் வந்து, இந்தப் போகத்திலிருந்து உனக்கு இவ்வளவுதான் என்று சொன்னால் எப்படியிருக்கும்?

இரண்டாவது எசமான் தேடுபொறி. வாசகர் பெரும்பாலும் கூகிள் காட்டும் வரிசையில் மேலே இருப்பதைத்தான் தொடுகிறார். வரிசை மாறினால் அடுத்த நாளே கூட்டம் குறையும். இந்த இரண்டு பேருக்கும் இடையில் நிற்பவர், வருமானம் குறையும்போது என்ன செய்வார்? அதிகம் எழுதுவார், விலை கூடியதை எழுதுவார், கையால் தொட்டுப் பார்க்காத பொருளையும் மற்றவர்களின் அபிப்பிராயங்களைத் தொகுத்து “சிறந்த பத்து” என்று எழுதுவார். அப்படியான பட்டியல்கள் பெருகியிருப்பதை எவரும் காணலாம். ஹெய்ன்ஸ் ஒரு காரை முழுவதும் பிரித்தது போல, பத்து ஜக்குகளை வாங்கி உயர்த்திப் பார்த்துவிட்டு எழுதுபவர் மிகச் சிலரே. அதற்குச் செலவு கட்டாது.

சட்டம் கேட்பது

அமெரிக்காவில் வர்த்தக ஆணைக்குழு என்று ஓர் அரச அமைப்பு 1914 முதல் உண்டு. பாவனையாளரை ஏமாற்றும் வியாபாரத்தைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. சிபார்சு செய்பவருக்கும் விற்பவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற அதன் வழிகாட்டல், 2009 இல் இணையத்தில் எழுதுபவர்களுக்கும் பொருந்தும் என்று தெளிவாக்கப்பட்டது. 2023 இல் மேலும் இறுக்கப்பட்டது. அடியில் பொடி எழுத்தில் மறைப்பது போதாது. சாதாரண வாசகர் தவறவிடாத இடத்தில், அவருக்கு விளங்கும் சொல்லில் இருக்க வேண்டும். 2024 இல் பொய்யான பாராட்டுக்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதியும் வந்தது. அமேசன் கடையும் தன் பங்காளர்கள் தாம் தரகு பெறுவதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உடன்படிக்கையில் கேட்கிறது.

எனவே ஒரு பாடத்தைத் திறந்ததும் அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தலைப்புக்குக் கீழே, சிறிது சாய்ந்த எழுத்தில் இருக்கும். யூரியூப் படமென்றால் கீழேயுள்ள விளக்கத்தில் இருக்கும். அந்த வாக்கியம் இருப்பது எழுதியவர் சட்டத்தை மதிக்கிறார் என்பதற்கு அடையாளம். அதற்கு மேல் எதற்கும் அல்ல. “எனக்குத் தரகு உண்டு” என்று சொன்னவுடன் பேனா நிமிர்ந்துவிடுவதில்லை.

வேறு வழியில் நடப்பவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் கல்லூரி மாணவராக இருந்த கைல் வீன்ஸ் என்பவர், தமது பழுதடைந்த கணினிக்குத் திருத்தக் கையேடு கிடைக்காமல் தாமே பிரித்துப் பார்த்த அனுபவத்திலிருந்து 2003 இல் ஐபிக்சிற் தொடங்கியது. பாடம் இலவசம், ஆயுதமும் பாகமும் அவர்களே விற்கிறார்கள். அங்கும் வியாபாரம் உண்டு, ஆனால் கடைக்காரர் யாரென்று வாசகருக்கு ஒளிவுமறைவின்றித் தெரியும். 1936 இல் தொடங்கிய கன்சூமர் றிப்போட்ஸ் என்ற அமைப்பு, பரிசோதிக்கும் பொருளைத் தானே காசு கொடுத்து வாங்கும், விளம்பரம் ஏற்காது, அங்கத்தவர் சந்தாவில் பெரிதும் தங்கி நிற்கும். அத்தகைய அமைப்புக்கூட இப்போது தன் தளத்திலுள்ள கடை வழிகள் மூலம் தரகு பெறுகிறது என்றால், இந்த முறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். அது தரகை வாங்குவதாக எழுதி வைத்திருக்கிறது. பரிசோதனைக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறது.

எமது பிக்கப்புக்கு நடந்தது

தம்பி பார்த்துக்கொண்டிருந்த பாடத்தின் கீழே ஏழு பொருள்களின் பட்டியல் இருந்தது. இந்த விபரங்களை எல்லாம் அறிந்த பின் அவனும் நாமும் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தோம். அவனைக் கேட்டது ஒரே கேள்விதான்: இது இல்லாவிட்டால் இந்த வேலை நிற்குமா?

பிறேக் பாட் இல்லாமல் நிற்கும். அதை நகரத்துக் கடையில் எமது வாகனத்துக்குரியதைப் பார்த்து வாங்கியிருந்தோம். வாகனத்தைத் தாங்கும் இரும்பு முக்காலி இரண்டு அந்தப் பட்டியலில் இருந்தது. இதை வாங்கவே வேண்டும் என்றோம். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே கையையோ தலையையோ வைப்பவன் உயிரோடு விளையாடுகிறான். தரகுக்காக எழுதப்பட்டிருந்தாலும் அது சரியான புத்திமதி. இரண்டு கிழமை கழித்து வாங்கினோம். அதுவரை சில்லின் அடியில் மரக்குற்றி அடுக்கி வைத்துச் சமாளித்தது பிழை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

கிறீஸ் வகைகள், சுத்திகரிப்புத் திரவம், விசேட கையுறை ஆகிய மூன்றில் கிறீஸ் மட்டும் தேவைப்பட்டது.

பட்டியலில் விலை கூடியது, பிறேக் கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும் விசேட ஆயுதம். புதிய பாட் தடிப்பு. பிஸ்டன் உள்ளே போகாவிட்டால் பூட்ட இடம் இருக்காது. தம்பி அந்த ஆயுதத்தின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து தச்சு வகுப்புக்குப் போனான். பலகை ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் ஜி கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். பழைய பாட்டைப் பிஸ்டனுக்கு மேலே வைத்து, பிறேக் எண்ணெய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டு, கிளாம்பை மெல்ல மெல்ல இறுக்கினான். பிஸ்டன் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. அமெரிக்காவிலும் பழைய ஆட்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த ஆயுதம் வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சில கார்களின் பின் சில்லுப் பிஸ்டனைத் தள்ள முடியாது. திருகியபடியே உள்ளே செலுத்த வேண்டும். அங்கே கிளாம்பைப் போட்டு அழுத்தினால் உள்ளிருக்கும் பொறி உடையும். அதற்கு அந்த ஆயுதம் வேண்டும். எமது பிக்கப்பின் பின் சில்லுகள் பழைய டிரம் பிறேக். அந்தப் பிரச்சினை எமக்கில்லை.